யாரைக் கேட்டுத் தீட்டிய திட்டம்?

வீட்டில் ஓர் அறை புதிதாகக் கட்டுவதென்றால் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் அபிப்பிராயம் சொல்கிறார்கள். வீட்டு எஜமானருக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருக்கும். ஆயினும் கேட்டுக்கொள்கிறார். அடுப்புப் புகை எந்தப் பக்கம் திரும்பும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது. அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் சர்வகலாசாலைக்குப் பத்து, இருபது வருஷத் திட்டம் போடும்போது மட்டும் இந்த எளிய விவேகம் நம்மை விட்டு எங்கோ போய்விடுகிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கலாசாலைகளின் கதையைப் பாருங்கள். 2002-ம் வருஷத்தில் வேலூரில் திருவள்ளுவர் சர்வகலாசாலை ஏற்பட்டபோது, விழுப்புரம் ஜில்லாவின் கலாசாலைகள் அதன் ஆளுகைக்குள் வந்தன. கள்ளக்குறிச்சி அப்பொழுது அந்த ஜில்லாவில் ஒரு தாலுகா. தனி ஜில்லா ஆனது 2019 நவம்பரில். 2021 பிப்ரவரியில் வேலூரிலிருந்து பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதாவின் பெயரால் ஒரு சர்வகலாசாலை அமைக்கச் சட்டசபையில் மசோதா நிறைவேறிற்று. மே மாதத்தில் ஆட்சி மாறியது. ஆகஸ்டு 31-ம் தேதி இன்னொரு மசோதா நிறைவேறி, விழுப்புரத்துச் சர்வகலாசாலை சிதம்பரத்து அண்ணாமலை சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டது. கள்ளக்குறிச்சிக் கலாசாலைகளுக்கும் சிதம்பரமே தலைமை ஸ்தலமாயிற்று. கலாசாலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தலைமை ஸ்தலம்தான் ஊர் ஊராக யாத்திரை செய்தது!

எந்தக் கட்சி செய்தது சரி என்ற வழக்கில் நாம் தலையிடப் போவதில்லை. விழுப்புரம் கள்ளக்குறிச்சிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சிதம்பரம் 100 கிலோமீட்டருக்குக் குறையாது. மறுபுறம், புதிய சர்வகலாசாலைக்குக் கட்டிடம் முதல் கஜானா வரை எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். சிதம்பரத்திலோ 1929 முதல் கட்டிடங்களும் புஸ்தகசாலையும் இருக்கின்றன. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நாம் கேட்பது வேறு. ஆறு மாத காலத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. அந்த அவகாசத்துக்குள் கள்ளக்குறிச்சியில் பாடம் சொல்லும் ஆசிரியரையும் பாடம் கேட்கும் மாணவரையும் நிதானமாக விசாரித்திருக்க முடியுமா?

சிதம்பரமும் இவ்விஷயத்தில் அடிபட்டுத் தெரிந்துகொண்ட ஊர்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் எழுந்த அந்த மகா ஸ்தாபனம் பணக் கஷ்டத்தில் சிக்கி, 2013-ல் தனிச் சட்டத்தின் மூலம் சர்க்கார் வசமாயிற்று. வேலைக்கு வேண்டியதைவிட அதிகம் பேரை நியமித்திருந்ததாகக் கணக்கிட்டு, உபரியான ஆசிரியர்களையும் சிப்பந்திகளையும் மாகாணமெங்கும் சர்க்கார் கலாசாலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் அனுப்பினார்கள். குடும்பத்தைச் சிதம்பரத்தில் விட்டுத் தான் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்க வேண்டிய நிலை எத்தனை பேருக்கு ஏற்பட்டிருக்கும்! இலாகாவில் மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை என்பதை அங்கே தினமும் உட்கார்ந்திருந்தவர்களைவிட யார் நன்றாக அறிவார்கள்? காலத்தில் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

முன்பின் யோசிக்காமல் நாம் இதைச் சொல்லவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் சர்வகலாசாலைக் கல்வி பற்றி ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அது டில்லியில் உட்கார்ந்தபடியே அறிக்கை எழுதிவிடவில்லை. வினாத்தாள்களை அனுப்பிற்று, சர்வகலாசாலைகளுக்கு நேரில் சென்று சாட்சியம் கேட்டது. 1949-ல் வெளிவந்த அறிக்கையில் கிராமச் சர்வகலாசாலை என்ற யோசனை இடம்பெற்றது. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1956-ல் தோன்றிய கிராமியக் கல்வி ஸ்தாபனம் அந்த எண்ணத்தின் வழியில் வந்ததே.

2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் உயர்கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றும் நீண்ட கால அபிவிருத்தித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. நிர்வாகிகளோடு ஆசிரியர், மாணவர், சிப்பந்திகள் ஆகியோரும் சேர்ந்து அதைத் தயாரிக்க வேண்டுமாம். அந்தக் கொள்கையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்கவில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் பல. ஆனால் எல்லோரும் சேர்ந்து யோசியுங்கள் என்ற இந்த ஒரு வாக்கியத்தோடு யாருக்கும் சண்டை இருக்க நியாயமில்லை.

வாக்கியம் எழுதுவது சுலபம். சர்க்கார் கலாசாலைகளில் பாடத்தின் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில் இருக்கிறது. சம்பளம் வருஷத்தில் பதினோரு மாதத்துக்கு மட்டும். அடுத்த ஜூனில் தமக்கு வேலை உண்டா என்று தெரியாதவரைக் கூப்பிட்டு, "2040-ல் நம் கலாசாலை எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? மரியாதைக்காகச் சிரிப்பார். திட்டத்தில் பங்கு கொடுக்குமுன் ஸ்தாபனத்தில் இடம் கொடுக்க வேண்டும்.

இன்னும் மேலே, மலைக்குப் போவோம். கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரள தேசத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழே. பாரத தேசம் 1947-ல் விடுதலை பெற்றும், இம்மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரையில் நீடித்தது. சுதந்திரமே இருபத்தொன்பது வருஷம் தாமதித்து ஏறிய மலை என்றால், சர்வகலாசாலை தாமதிப்பதில் ஆச்சரியம் என்ன?

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த மாதமே சென்னை ஹைகோர்ட்டு கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று சர்க்காரைக் கேட்டது. போலீசார் வந்தார்கள், மந்திரிகள் வந்தார்கள். சாராயம் காய்ச்சுவதை விட்டவன் எதை நம்பிப் பிழைப்பான் என்ற கேள்விக்கு மட்டும் போலீசாரிடம் பதில் இராது. மலையில் சாமை விளைகிறது, கடுக்காய் காய்க்கிறது. அடிவாரத்தில் கரும்பும் மரவள்ளியும். கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றில் எதை வைத்து ஒரு பட்டப் படிப்பு, ஓர் ஆராய்ச்சி, ஒரு தொழில் உண்டாக்கலாம் என்பது சர்வகலாசாலையின் நீண்ட காலத் திட்டத்துக்கு உரிய விஷயமல்லவா? கடுக்காய் பொறுக்குகிறவளைக் கேட்காமல் அந்த அத்தியாயத்தை எழுத முடியுமா?

சின்ன விஷயங்களும் உண்டு. அவைதான் பெரிய விஷயங்கள். மலையிலிருந்து கலாசாலைக்கு வரும் பெண்ணுக்கு, சோதனைச்சாலை வகுப்பு முடியும் நேரமும் மலையேறும் கடைசிப் பஸ்ஸின் நேரமும் பொருந்தாவிட்டால் ரஸாயன சாஸ்திரம் அன்றோடு முடிந்தது. அவளுடைய தகப்பனார் ஒரு தடவை பொறுப்பார். இரண்டாம் தடவை கல்யாணத்துக்கு வரன் பார்ப்பார். துணைவேந்தர் எத்தனை கெட்டிக்காரராயினும் இது அவருக்குத் தோன்றாது. அந்தப் பெண் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவாள்.

"நூறு பேரைக் கேட்டால் நூறு யோசனை வரும், காரியம் நடக்காது" என்பார்கள் அநுபவஸ்தர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆக்ஸ்போர்டில் 2006-ம் வருஷம் துணைவேந்தர் நிர்வாகத்தைத் திருத்தி அமைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். அங்கே ஆசிரியர் மகாசபைக்கு வாக்குரிமை உண்டு. 1,540 பேர் எதிர்த்தும் 997 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள், திட்டம் விழுந்தது. ஆசிரியர்கள் தங்கள் சௌகரியத்தைக் காத்துக்கொண்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம். ஆசிரியர்களை மட்டும் கேட்டால் அந்த அபாயம் இருக்கவே இருக்கிறது. ஆகையால்தான் மாணவரும், சிப்பந்தியும், மலையிலிருந்து இறங்கி வந்த தகப்பனாரும் அதே அறையில் உட்கார வேண்டும் என்கிறோம்.

கேட்பதாவது உண்மையாகக் கேட்பதாக இருக்கட்டும். திட்டத்தை அச்சடித்து முடித்துவிட்டு, டீயும் பிஸ்கோத்தும் கொடுத்து, "கருத்து உண்டா?" என்று கேட்கும் கூட்டங்களை நாம் நிறையப் பார்த்தாயிற்று. நகல் தமிழில் இருக்க வேண்டும். யார் என்ன சொன்னார், அதில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்பதை எழுதிக் கலாசாலைப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு கூட்டமாவது வெள்ளிமலையில் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கூலி போகுமே என்ற கவலையில்லாமல் ஜனங்கள் வருவார்கள். சிதம்பரத்திலிருந்து வருகிற பெரியவர்கள் முதல் நாள் இரவே கள்ளக்குறிச்சியில் தங்கி, காலையில் அந்த மலை பஸ்ஸிலேயே ஏறி வந்து சேரலாம்.