'எத்தனை தடவை சொல்றது?' - ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களைத் துரத்தும் அவமானம்... தெரபி என்ன செய்யும்?

கரன்ட் பில் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாள்னு தெரியும். அக்கவுன்ட்ல பணம் இருக்கு. போனை எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா, ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வருது. உடனே மனசுக்குள்ள ஒரு குரல்... 'நீயெல்லாம் எதுக்குத்தான் லாயக்கு?'

ஏ.டி.ஹெச்.டி எனப்படும் கவனக்குறைவு - மிகை இயக்கக் குறைபாடு உள்ள பலருக்கும் பழக்கமான குரல் இது. வாலுப் பசங்க பிரச்னை என்று நினைத்த காலம் போய், இன்று பெரியவர்களுக்கும் கண்டறியப்படுகிறது. அதற்காக, ரீல்ஸ் பார்த்து முடிவு பண்ணிட முடியாது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 மருத்துவக் கையேட்டின்படி, அறிகுறிகள் பலவும் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

சிக்கலே அங்கேதான். மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம் என்று தெரியாமலே, 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவன்' என்ற பட்டங்களோடு வளர்கிறார்கள். பெரியவர்களானதும் அந்தத் திட்டை அவர்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள்.

திட்டினா திருந்திடுவோமா? நடப்பது தலைகீழ். லேட்டான வேலையைப் பார்த்தாலே அவமானம். அதனால் மெயிலைத் திறப்பதில்லை, போனை எடுப்பதில்லை. வேலை இன்னும் லேட்டாகிறது.

தெரபியிலும் இதே கதைதான். கொடுத்த ஹோம்வொர்க்கை முடிக்கலைன்னு கூச்சப்பட்டு, அடுத்த செஷனையே கேன்சல் பண்ணுவார்கள். நல்ல தெரபிஸ்ட் இதை முன்கூட்டியே பேசிவிடுவார்: 'முடிக்கலைன்னாலும் வாங்க. ஏன் முடியலைங்கிறதுதான் நாம பேச வேண்டிய விஷயம்.'

அடுத்து, 'தப்பு பண்ணிட்டேன்' என்பதையும் 'நானே தப்பு' என்பதையும் பிரிக்கப் பழகுவது. முதலாவது குற்ற உணர்வு. அதைச் சரிசெய்ய வழி உண்டு. இரண்டாவது அவமானம்; அது ஒளிந்துகொள்ளவே சொல்லும். பிரிட்டன் உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய கருணை மையச் சிகிச்சை, தன்னிடமே கனிவாகப் பேசக் கற்றுத்தருகிறது.

'அப்போ எல்லாத்துக்கும் சாக்கு கிடைச்சுடுச்சா?' இல்லை. பில்லை நாமதான் கட்டணும். ஆட்டோ-பே போடணும், அலாரம் வைக்கணும். யாரையாவது காக்க வெச்சிருந்தா ஸாரி சொல்லணும். ஆனா, தன்னையே அடிச்சுக்கிட்டிருக்கிற கைக்கு அலாரம் வைக்க நேரம் இருக்காது.

சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, 24 மணி நேரமும் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை, 'எத்தனை தடவை சொல்றது?' என்பதற்குப் பதிலாக 'எதுல மாட்டிக்கிட்ட?' என்று கேட்டுப் பாருங்களேன்!