கம்ப்யூட்டர் போச்சு சார்!

டிஸ்கி: வண்டி சமாச்சாரம் புடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. பதிவு நீளம், கொஞ்சம் சூடாவும் இருக்கும் :-)

நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புகள்ல ரொம்ப காஸ்ட்லியான வாக்கியம் எது தெரியுமா? "கம்ப்யூட்டர் போச்சு சார்." மூணே வார்த்தை. சொல்றதுக்கு ரெண்டு செகண்ட் ஆகும். கேக்கறவன் பாக்கெட்ல இருந்து 30 ஆயிரமோ 60 ஆயிரமோ போயிடும்.

கம்ப்யூட்டர்னு அவங்க சொல்றது ஈசியு. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சணும், எந்த நேரத்துல ஸ்பார்க் அடிக்கணும்னு முடிவு பண்ற பெட்டி. அது கெட்டே போகாதுன்னு நான் சொல்ல வரல. போகும். தண்ணி ஏறினா போகும், ஜம்ப் ஸ்டார்ட் பண்றப்ப பேட்டரி வயரை மாத்திக் கொடுத்தா போகும், பேட்டரியைக் கழட்டாம பாடியில வெல்டிங் வெச்சா போகும். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில மூழ்கின வண்டிகளைக் கேட்டா கதை கதையா சொல்லும். என் கோபம் வேற. எல்லாத்தையும் பாத்துட்டு கடைசியா சொல்ல வேண்டிய தீர்ப்பை, பானெட்டைத் திறந்த பத்தாவது நிமிஷம் சொல்றாங்களே, அதுதான்.

அவங்க செய்யற டெஸ்ட் என்ன? ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற ஓபிடி சாக்கெட்ல ஸ்கேனரைச் செருகுவாங்க. லிங்க் ஆகாது. சாவி போட்டா செக் எஞ்சின் லைட்டும் வராது. அவ்வளவுதான், பெட்டி செத்துப் போச்சு! ஏங்க, ஒருத்தன் போன் எடுக்கலைன்னா உடனே மாலை வாங்கவா போவீங்க? சார்ஜ் இல்லாம இருக்கலாம், டவர் இல்லாம இருக்கலாம். ஈசியுவும் அப்படித்தான். கரண்ட் வராத ஈசியு, எர்த் கிடைக்காத ஈசியு, நிஜமாவே செத்த ஈசியு, மூணும் வெளியில இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரிச்சுப் பாக்க லட்ச ரூபா மெஷின் வேணாம். ஒரு மல்டிமீட்டரும் அந்த வண்டியோட வயரிங் படமும் போதும். ஈசியு கப்ளர்ல பேட்டரி வோல்ட் நேரா வர்ற பின், சாவி போட்டா வர்ற பின், மெயின் ரிலே வழியா வர்ற பின், இதெல்லாம் இருக்கா பாரு. அப்புறம் எர்த். இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. சும்மா ஓம்ஸ்ல வெச்சு ஜீரோ காட்டுது, எர்த் ஓகேன்னுடுவாங்க. பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுட்டு இருந்தாலும் மீட்டர் ஜீரோ காட்டும் சாமி! செல்ஃப் அடிக்கறப்ப ஈசியு எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு பாக்கணும். 0.1 வோல்ட்டைத் தாண்டி எகிறினா எர்த் அவுட்.

இதுக்கு மேல இருக்கறதுதான் அசல் வில்லன். ஈசியு தன்கிட்ட வர்ற கரண்ட்டை 5 வோல்ட்டாக் குறைச்சு சென்சார்களுக்குக் கொடுக்கும். பல வண்டியில ஒரே 5 வோல்ட் லைனை ரெண்டு மூணு சென்சார் பங்கு போட்டுக்கும். அதுல ஒண்ணு உள்ள ஷார்ட் ஆனாலோ, வழியில வயர் உரசி பாடியைத் தொட்டாலோ, மொத்த லைனும் படுத்துடும். சில ஈசியு அப்ப ஸ்கேனரோட பேசக்கூடப் பேசாது. சென்சார் கப்ளரை ஒண்ணொண்ணாக் கழட்டிட்டே வந்தா, குற்றவாளியைக் கழட்டின நொடியில 5 வோல்ட் திரும்ப வந்து நிக்கும்.

எங்க தெருவுல கால்டாக்சி ஓட்டற அண்ணனுக்கு நடந்தது இதுதான். டீசல் வண்டி. ஓடிட்டே இருக்கும், திடீர்னு அணைஞ்சுடும், அரை மணி கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பேர் சொல்ல விரும்பாத ஒரு ஒர்க்‌ஷாப்ல ஈசியு போச்சுன்னு 52 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டாங்க, பாதி அட்வான்ஸ். டியூ கட்டிட்டு இருக்கற மனுஷன், வீட்டுல இருக்கற நகையைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சுட்டார். அதுக்குள்ள பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர் முக்கா மணி நேரம் மீட்டரோட உக்காந்தார். ரெயில் பிரஷர் சென்சாருக்குப் போற வயர் ஒரு பிராக்கெட்ல உரசி உரசித் தோல் உரிஞ்சு போயிருந்தது. எஞ்சின் ஆடறப்ப 5 வோல்ட் வயர் இரும்பைத் தொடும், வண்டி சாகும். வயரை ஒட்டுப் போட்டு, டேப் சுத்தி, கிளிப் போட்டு நகர்த்திக் கட்டினதுக்கு 800 ரூபா. 52 ஆயிரம் எங்க, 800 எங்க?

சரி, அந்த 52 ஆயிரத்தைக் கொடுத்து மாத்தியிருந்தா? வண்டி அப்பவும் நின்னிருக்கும். "அப்ப வயரிங் செட் மாத்தணும் சார்"னு அடுத்த எஸ்டிமேட் வந்திருக்கும். முதல் 52 ஆயிரம் திரும்ப வருமா? கடை பில்லுலயே அடிச்சிருப்பானே, எலக்ட்ரிக்கல் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாதுன்னு. மெக்கானிக் யூகம் பண்றார், யூகம் தப்பானா காசு மட்டும் வண்டிக்காரனோடது. இது எந்த ஊர் நியாயம்?

நிஜமாவே ஈசியு போயிருந்தாலும் ஏன் போச்சுன்னு கேக்கறது கிடையாது. இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி ஈசியு உள்ள இருக்கற டிரைவர் டிரான்சிஸ்டரை எரிச்சிருக்கும். காயிலை அப்படியே விட்டுட்டுப் புதுப் பெட்டியை மாட்டினா அதுவும் எரியும். இங்க படிக்கறவங்கள்ல பாதிப் பேர் கம்ப்யூட்டர் ஆசாமிங்க. லாகைக்கூடப் பாக்காம சர்வரைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாம்னா உங்க மேனேஜர் என்ன சொல்வார்?

"அதுக்குத்தான் கார்புரேட்டர் வண்டியே பெஸ்ட்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். அய்யா பெரியவங்களே, மழைக்கால காலையில சோக்கை இழுத்து இழுத்து அம்பாசடரைக் கிளப்பினதையும், பாயிண்ட் செட்டை சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சதையும் அதுக்குள்ள மறந்துட்டீங்களா? வண்டியில இருக்கற எல்லாத்தையும்விட நம்பிக்கையான சாமான்ல ஈசியுவும் ஒண்ணு. அதனாலதான் அதை முதல்ல சந்தேகப்படாதீங்கங்கறேன்.

இதுல ரோட்டோர மெக்கானிக்கை மட்டும் திட்டினா பாவம். வயரிங் படம் இல்லாம எந்தப் பின்ல எதைப் பாப்பார்? படத்தையும் ஸ்கேனரையும் பூட்டி வெச்சிருக்கறது கம்பெனிங்க. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபா அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடல, இனிமே கொடுங்கன்னு உத்தரவு. கம்பெனிங்க அப்பீலுக்குப் போனாங்க. 2022ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குன்னு கமிட்டி போட்டு, அதுல வாகனங்களையும் சேர்த்தது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மக்கள் 2012லயே ஓட்டுப் போட்டு இதைச் சட்டமாக்கச் சொல்லிட்டாங்க. நாம இன்னும் மெக்கானிக் அண்ணன் போன்ல யாரோ அனுப்பின மங்கலான படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டிருக்கோம்.

அடுத்த கூத்து இம்மொபிலைசர். சாவிக்குள்ள ஒரு சிப், அதோட ரகசிய எண் ஈசியுவுக்குத் தெரியும். புதுப்பேட்டையில அதே பார்ட் நம்பர்ல பழைய ஈசியு சல்லிசா வாங்கி மாட்டினா வண்டி கிளம்பாது, இல்ல ரெண்டு செகண்ட் ஓடி அணையும். திருட்டைத் தடுக்க இருக்கட்டும், ஒத்துக்கறேன். ஆனா ஆர்சி புக்கோட வந்து நிக்கற ஓனருக்கும் கம்பெனியை விட்டா வேற வழி இல்லைன்னா, அந்தப் பூட்டு யாருக்குப் போட்டது?

ஓரளவு வழி இருக்கு. பழைய ஈசியுல எரிஞ்சது டிரைவர் சைடு மட்டும்னா, அதோட மெமரி சிப்ல இருக்கற தகவலைப் படிச்சு, அதே ஹார்டுவேர் நம்பர் உள்ள இன்னொரு பெட்டிக்கு எழுதிடலாம். குளோனிங்னு சொல்றாங்க. பல பழைய மாடல்கள்ல இந்தத் தகவல் எட்டுக் கால் சிப்புல தனியா இருக்கும், சுலபம். புது மாடல்கள்ல பிராசசருக்குள்ளயே இருக்கறதால கொஞ்சம் கஷ்டம். கைதேர்ந்த ஆள் கிடைச்சா எரிஞ்ச டிரான்சிஸ்டரை மட்டும் மாத்தி அதே பெட்டியையும் ஓட வெச்சுடுவார்.

ஆகவே மக்களே, யாராவது "கம்ப்யூட்டர் போச்சு"ன்னு சொன்னா சண்டை போடாதீங்க. எந்தப் பின்ல எத்தனை வோல்ட் இருந்துச்சு, 5 வோல்ட் இருந்துச்சா, எர்த்தைச் செல்ஃப் அடிச்சுப் பாத்தீங்களா, இந்த மூணை மட்டும் கேளுங்க. நம்பரா பதில் வந்தா அந்த ஆளை நம்பலாம். "நாங்க எத்தனை வண்டி பாத்திருக்கோம்"னு பதில் வந்தா சாவியை வாங்கிட்டு வந்துடுங்க. எல்லாம் பாத்து நிஜமாவே மாத்தறதா இருந்தா, பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வீட்டுல வைங்க. உங்க சாவியோட ரகசியம் அதுலதான் இருக்கு. நாளைக்குப் புதுசு மக்கர் பண்ணா, குளோன் போட அதுதான் வேணும்.