விளக்கு எரிந்தால் வேலை முடிந்ததா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா, துணுக்கு எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் இன்-பிளான்ட் டிரெயினிங்கில் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம் மனசை விட்டுப் போகவே இல்லை. அதையே எழுதிவிட்டேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதாக இருந்தாலும் சரி, கேன்டீனுக்கு வாருங்கள், டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.

நான் டிரெயினிங் போன தொழிற்சாலையில் ஒரு அசெம்பிளி லைன். ஆறு பேனல். பேனலுக்கு ஒரு மேனேஜ்டு ஈதர்நெட் ஸ்விட்ச். ஆறையும் வளையமாக ஒன்றோடு ஒன்று இணைத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்தது நம்மைப் போல டிப்ளமோ முடித்து அங்கே டிரெய்னியாகச் சேர்ந்திருந்த ஒரு அண்ணன். வேலை முடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. லைன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆயுத பூஜை வந்தது. மெயினை ஆஃப் செய்து, பேனல்களை எல்லாம் ப்ளோயர் வைத்து ஊதி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தாயிற்று. விஜயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்து மெயினைப் போட்டார்கள். லைன் ஓடவில்லை! பி.எல்.சி.க்கும் ஐ.ஓ. மாட்யூல்களுக்கும் தொடர்பே இல்லை. இத்தனைக்கும் ஆறு ஸ்விட்சிலும் எல்லா விளக்கும் எரிகிறது. எரிகிறது என்ன, பைத்தியம் பிடித்த மாதிரி மின்னுகிறது.

“லைட் எரியுது இல்ல? அப்போ நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. பி.எல்.சி.யைப் பாருங்க” என்றார் போர்மேன். பி.எல்.சி. கார்டை மாற்றினார்கள். கேபிள்களை மாற்றினார்கள். நாலு மணி நேரம் போனது. கடைசியில் ஒரு கேபிளைச் சோதிப்பதற்காக இரண்டு பேனலுக்கு நடுவில் இருந்த வயரைப் பிடுங்கியதும், மறு நிமிஷம் எல்லாம் உயிர் பெற்றுவிட்டது. வயரைப் புடுங்கினா லைன் ஓடுது, மாட்டினா நின்னுடுது! இது என்ன மாயம் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாயமெல்லாம் ஒன்றும் இல்லை நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஈதர்நெட் என்பது 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் முதலானோர் உருவாக்கியது; 1983-ல் ஐ.இ.இ.இ. 802.3 என்ற தர நிர்ணயமாக வந்தது. ஐ.பி. பாக்கெட்டுக்கு ஒரு ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்த மாதிரி ஆயுள் எண் கிடையாது. எனவே வளையத்தில் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் நுழைந்தால், செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுவதோடு விடாது, போகிற ஸ்விட்சில் எல்லாம், எல்லா போர்ட்டிலும் ஒரு நகலைத் தள்ளிவிட்டுப் போகும். அடுத்த ஃபிரேம், அதற்கடுத்தது என்று சேரச் சேர, சில விநாடிகளில் கேபிள் நிரம்பி வழியும். இதைத்தான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம், அதாவது புயல் என்கிறார்கள். தன் வாசலுக்கு வரும் அத்தனை பிராட்காஸ்ட்டையும் பி.எல்.சி. பிரித்துப் பார்த்தாக வேண்டும். பாவம், அதற்கு வேறு வேலை செய்ய நேரமே இல்லை. குறித்த நேரத்துக்குள் தகவல் வராததால் ஐ.ஓ. மாட்யூல்கள் அவுட்புட்டை ஆஃப் செய்துவிடும். லைன் நிற்கும்.

அப்படியென்றால் எதற்காக வளையமாகப் போட வேண்டும்? ஒரு வயர் அறுந்தாலும் மறுபக்கமாகத் தகவல் போகட்டும் என்பதற்காகத்தான். வளையம் வேண்டும், ஆனால் அதில் சுற்றல் கூடாது. இதற்கு வழி கண்டவர் ரேடியா பெர்ல்மேன் என்ற பெண் பொறியாளர். (நம் கல்லூரி மாணவிகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளவும்!) 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது அவர் வகுத்ததே ஸ்பானிங் ட்ரீ முறை. தேவைக்கு மேற்பட்ட பாதையைத் தானாகவே அடைத்து வைத்து, வேண்டும்போது திறந்துகொள்ளும். ஆனால் பழைய ஸ்பானிங் ட்ரீ மாற்றுப் பாதையைத் திறக்க 30 முதல் 50 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். ஆபீசில் அது பெரிய விஷயமில்லை. ஓடுகிற மிஷினுக்கு அது ஒரு யுகம். அதனால் தொழிற்சாலைகளில் எம்.ஆர்.பி. போன்ற வளைய முறைகள் வந்தன. ஐ.இ.சி. 62439-2 என்பது அதன் தர நிர்ணயம். 50 ஸ்விட்ச் கொண்ட வளையத்திலும் 200 மில்லி செகண்டுக்குள் பாதை மாறிவிடும். இதில் ஒரு ஸ்விட்ச் மேனேஜர், மற்றவை கிளையன்ட். மேனேஜர் தன் இரண்டு வளைய போர்ட்டில் ஒன்றை அடைத்து வைத்துக்கொண்டு, வளையம் அறுந்தால் மட்டும் திறந்துவிடும்.

இப்போது கதைக்கு வருவோம். அண்ணன் ஆறு ஸ்விட்சையும் ஒழுங்காகவே கன்ஃபிகர் செய்திருந்தார். மேனேஜராக வைத்த ஸ்விட்சில் முதலில் ஐ.பி.யைப் போட்டு சேவ் செய்தார். பிறகு ‘ரிங் மேனேஜர்’ என்று மாற்றினார். அதை சேவ் செய்ய மறந்தார். அவ்வளவுதான்! பெரும்பாலான மேனேஜ்டு ஸ்விட்சில் நாம் செய்யும் மாற்றம் உடனே அமலுக்கு வந்துவிடும். ஆனால் அது தற்காலிக மெமரியில்தான் இருக்கும். தனியாக சேவ் கொடுத்தால்தான் நிலையான மெமரிக்குப் போகும். ஒரு மாதம் பவர் போகாததால் தப்பு தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு ஆஃப் செய்து போட்டதும் மேனேஜர் தான் மேனேஜர் என்பதையே மறந்துவிட்டது. எந்த போர்ட்டையும் அடைக்கவில்லை. வளையம் மூடிக்கொண்டது. புயல் அடித்தது.

“டிப்ளமோ பையன் கை வச்சான், கெடுத்துட்டான்” என்று பேச்சு கிளம்பியது. அண்ணனுடைய டிரெயினிங் காலத்தை ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “தம்பி, நான் படிச்ச மூணு வருஷத்துல இந்த டப்பாவை ஒரு தடவை கூட ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்ததில்லடா.”

நண்பர்களே, தவறு அண்ணனுடையதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடையது மட்டும்தானா? நம் லேபில் நாம் என்ன செய்கிறோம்? ஆர்.ஜே.45 கிரிம்ப் செய்கிறோம். ஸ்விட்சில் சொருகுகிறோம். பச்சை விளக்கு எரிந்ததும் “சார், ஓ.கே. சார்” என்று குரல் கொடுத்து, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். ‘ரிசல்ட்: இணைப்பு சரிபார்க்கப்பட்டது.’ முடிந்தது! விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று மூன்று வருஷமும் நமக்கு நாமே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அந்த விளக்கு சொல்வது வயர் சேர்ந்திருக்கிறது, ஏதோ போய் வருகிறது என்பதை மட்டுமே. போய் வருவது தகவலா, புயலா என்று அதற்குத் தெரியாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் 3-வது யூனிட்டில், 2006 ஆகஸ்ட் 19 அன்று, தண்ணீரைச் சுழற்றும் இரண்டு பம்புகளும் நின்றுபோயின. ஆபரேட்டர்கள் அணு உலையையே கையால் நிறுத்த வேண்டியதாயிற்று. விசாரித்ததில், கன்ட்ரோல் நெட்வொர்க்கில் அளவுக்கு மீறிய டிராஃபிக் வந்து, பம்புகளை ஓட்டும் டிரைவ்களின் கன்ட்ரோலர்கள் திணறிப்போனதுதான் காரணம் என்று தெரிந்தது. அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007-ல் இதைப் பற்றி எல்லா அணுமின் நிலையங்களுக்கும் தகவல் அறிக்கை அனுப்பியது. அங்கேயே அப்படி என்றால், நம்ம ஊர் தொழிற்பேட்டை எம்மாத்திரம்!

“இதெல்லாம் ஐ.டி. ஆளுங்க வேலைப்பா, நமக்கெதுக்கு?” என்று சில நண்பர்கள் கேட்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் நின்றால் ஐ.டி. ஆள் வருவாரா, நைட் ஷிப்ட் டெக்னீஷியன் வருவாரா? பேனல் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? நம்ம இடுப்பில்தான். “பரீட்சைக்கு வராதே?” என்பார்கள் வேறு சிலர். உண்மைதான், கேள்வித்தாளில் வராமல் போகலாம். விஜயதசமி அன்று காலை வரும்!

ஆகவே நான் அந்த அண்ணனிடமும் அங்கே இருந்த சீனியர் டெக்னீஷியனிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதை, முறையாக இங்கே வைக்கிறேன்.

ஸ்விட்சை டின் ரெயிலில் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மேலும் கீழும் காற்றுக்கு இடம் விடுங்கள், எர்த் கொடுங்கள், டிரைவ் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், தாமிரக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு 24 வோல்ட் இன்புட் இருந்தால் இரண்டு தனித்தனி பவர் சப்ளையிலிருந்து கொடுங்கள். ஒரே சப்ளையிலிருந்து இரண்டுக்கும் லூப் போட்டுவிட்டு ‘ரிடண்டன்ட்’ என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அலாரம் ரிலே கான்டாக்ட் என்று இரண்டு டெர்மினல் சும்மா கிடக்கும். அதைப் பி.எல்.சி. இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு சப்ளை போனால் அன்றைக்கே தெரியும்.

அடுத்தது மேஜை வேலை. புது ஸ்விட்சுகளை ஒன்றாகச் சேர்த்து மாட்டாதீர்கள். ஒரே மாடல் என்றால் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலை ஐ.பி. ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒவ்வொன்றாக எடுத்து ஐ.பி., பெயர் கொடுங்கள். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டு மேனுவலில் அச்சடித்தே இருக்கிறது. ஊருக்கே தெரிந்த பூட்டு ஒரு பூட்டா? பயன்படுத்தாத போர்ட்டை ஆஃப் செய்யுங்கள். கேமராவையும் பி.எல்.சி.யையும் வேறு வேறு வீலானில் வையுங்கள். அப்போது நீங்கள் லேப்டாப் சொருகியிருக்கிற போர்ட்டின் வீலானையே மாற்றிவிட்டால், நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதையாகிவிடும், ஜாக்கிரதை!

வளையத்துக்கு வரிசை முக்கியம். ஒருவர் மேனேஜர், மற்றவர் கிளையன்ட் என்று எல்லா ஸ்விட்சிலும் போட்டு சேவ் செய்த பிறகே, கடைசி வயரைச் சொருகி வளையத்தை மூடுங்கள். முன்னாலேயே மூடினால் புயல் உங்கள் கண் முன்னாலேயே அடிக்கும்.

எல்லாம் முடிந்து விளக்கு எரிந்ததா? இப்போதுதான் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்விட்சையும் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். போட்டதெல்லாம் அப்படியே இருக்கிறதா பாருங்கள். மிஷின் ஓட்டத்தில் இல்லாத நேரம் பார்த்து, பொறுப்பாளர் அனுமதியோடு வளையத்தில் ஒரு வயரைப் பிடுங்குங்கள்; தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். கன்ஃபிகரேஷன் ஃபைலை கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள். எந்த ஸ்விட்ச் மேனேஜர், எந்த போர்ட் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் நாலு மணி நேரம் பி.எல்.சி.யைக் குடைந்திருக்க மாட்டார்கள். எழுதி வைக்கச் சொல்லாத நிர்வாகத்துக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு என்பது என் தாழ்மையான கருத்து.

கடைசியாக நமது மாணவர் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை. நம் லேபுக்கு ஆறு ஸ்விட்ச் வேண்டாம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு மேனேஜ்டு ஸ்விட்ச் போதும். இரண்டையும் இரண்டு பேட்ச் கார்டால் இணைத்தாலே வளையம். புயலை வரவழைத்தும் காட்டலாம், அடக்கியும் காட்டலாம். அது கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் பதிவு செய்தால் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரு ஸ்விட்சை கன்ஃபிகர் செய்து, சேவ் செய்யாமல் பவரை ஆஃப் செய்து பாருங்கள். ஒரு தடவை எல்லாம் அழிந்து போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. நம் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: லேப் வைவாவில் “விளக்கு எரிகிறதா?” என்று கேட்பதோடு, “ஆஃப் செய்து ஆன் செய்தாயா?” என்றும் ஒரு கேள்வி கேளுங்கள் சார்.

தோற்றுப்போன அண்ணன் ஒருவருடைய கதையாக இதை நான் எழுதவில்லை. நீட்டிய ஆறு மாதத்தையும் முடித்து அவர் இப்போது அதே இடத்தில் நிரந்தரமாகிவிட்டார். புதிதாக வரும் டிரெய்னிகளிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டேன்:

“சேவ் பண்ணியா தம்பி?”

நாளைக்கு நம்மைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்டால், “பண்ணிட்டேண்ணா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்துட்டேன்” என்று தலை நிமிர்ந்து சொல்வோம்!



— மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை