புது கம்ப்யூட்டர் கேட்கும் முன்...

கம்ப்யூட்டரில் கிரிக்கெட் விளையாடுகிறீர்கள். பந்து வருகிறது. பட்டனை அழுத்துகிறீர்கள். மட்டை அசைவதற்குள் ஸ்டம்ப் பறந்து விடுகிறது! கார் ரேஸ் போட்டாலோ, படம் நின்று நின்று ஓடுகிறது. உடனே என்ன செய்கிறோம்? 'அப்பா, இது ஓட்டை கம்ப்யூட்டர். புதுசு வாங்கித் தாங்க' என்று அடம் பிடிக்கிறோம்.

இது சரியல்ல. ஏன் தெரியுமா?

சிங்காநல்லூர் பக்கம் மோட்டார் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால், மெக்கானிக் அண்ணா உடனே புது மோட்டார் வாங்கச் சொல்வாரா? மாட்டார். புட் வால்வை பார்ப்பார், குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார், வோல்டேஜை சோதிப்பார். ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார். கம்ப்யூட்டருக்கும் அதே வைத்தியம் தான்.

விளையாட்டு என்பது வேகமாக மாறும் படங்கள். வினாடிக்கு 60 படம் வந்தால், ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி வினாடி. அதுவே 20 படமாகக் குறைந்தால், ஒரு படத்துக்கு 50 மில்லி வினாடி. கண்ணுக்கும் தடங்கல், கைக்கும் தாமதம்!

முதலில், இன்டர்நெட் தேவைப்படாத ஒரு விளையாட்டைப் போடுங்கள். அது நன்றாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் இன்டர்நெட் இணைப்பில் இருக்கும். புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் அது தீராது.

முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறதா? சூடு காரணமாக இருக்கலாம். மின்விசிறியில் தூசி அடைத்தால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். பெரியவர் துணையோடு, மின் இணைப்பைத் துண்டித்து விட்டு சுத்தம் செய்யுங்கள். நீங்களாகத் திறக்கவே கூடாது.

படம் சீராக ஓடியும் கை மட்டும் தாமதமா? விளையாட்டின் செட்டிங்கில் 'வி-சிங்க்' இருந்தால் நிறுத்திப் பாருங்கள். டிவியை திரையாக வைத்திருந்தால், அதில் 'கேம் மோட்' போடுங்கள். லேப்டாப்பா? சார்ஜரை மாட்டி விளையாடுங்கள். பின்னணியில் ஓடும் மற்ற புரோகிராம்களை மூடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நம்ம ஊர் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்து, பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு விடவில்லை. அக்கக்காகப் பிரித்து, மறுபடி மாட்டினார். எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை தான் அவரை விஞ்ஞானி ஆக்கியது.

சில புது விளையாட்டுகளுக்கு பழைய கம்ப்யூட்டரின் சக்தி போதாது என்பதும் உண்மையே. அப்போது நிழல், படத் தரம் ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், அப்பாவிடம் அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள். அழுது கேட்பதை விட, சோதித்துப் பார்த்துக் கேட்பதற்குத் தான் வீட்டில் மதிப்பு அதிகம். அப்பா, அம்மா சம்பாதிக்கும் பணத்துக்கு நாம் தரும் மரியாதையும் அது தான். என்ன, சரி தானே?