சுவர் இல்லாத வீட்டுக்கு இத்தாலிய அறைக்கலன்

உயர்மாடிச் சொகுசுக் குடியிருப்பு ஒன்றின் உள்ளமைப்பு வேலை கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் திறப்பது கேட்லாக்கைத்தான். ஆர்க்கோ விளக்கு, கமலியோண்டா சோபா, பளிங்கு மேசை என்று பட்டியல் நீள்கிறது. வாடிக்கையாளருக்கும் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே பழக்கம் என்பதால் ஒப்புதல் உடனே கிடைத்துவிடும். பொருள் வந்து இறங்கிய பிறகுதான் வில்லங்கம். மேசை லிஃப்டில் ஏறாது. விளக்கு ஃபால்ஸ் சீலிங்கில் முட்டும். சோபாவை ஒட்டிப் போட ஒரு சுவர்கூட இருக்காது. கடைசியில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வருகிறோம். வீடு ஷோரூம் ஆகிவிடுகிறது.

இத்தாலிய வடிவமைப்பின் பழம்பெரும் பொருட்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட சங்கடத்துக்குக் கண்ட தீர்வு. அந்தச் சங்கடம் நம் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முறை என்பது இந்த இதழின் கருத்து.

1950களின் மிலானில் கோபுரக் கட்டடங்களையும் அறைக்கலன்களையும் பல சமயம் ஒரே கட்டடக் கலைஞர்கள்தான் வரைந்தார்கள். ஸெம்பியோனே பூங்காவை ஒட்டிய டோரே அல் பார்க்கோ குடியிருப்பை 1953–56இல் பிராங்கோ லொங்கோனியோடு சேர்ந்து உருவாக்கிய விகோ மஜிஸ்த்ரெத்திதான் பின்னாளில் மராலுங்கா சோபாவை வரைந்தார். பிரெல்லி கோபுரத்தின் ஜியோ போன்ட்டி, அது கட்டப்பட்டுக்கொண்டிருந்த 1957இலேயே, 1.7 கிலோ எடையுள்ள சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலியைக் கஸ்ஸினா நிறுவனத்துக்கு முடித்துக் கொடுத்தார். கூரை உயரமும் ஜன்னல் அகலமும் மனப்பாடமாக இருந்தவர்களின் கையிலிருந்து வந்தவை இவை.

ஆனால் அன்றைய கோபுர வீடுகளில் சுவர் இருந்தது. மிலானின் வெலாஸ்கா கோபுரத்தின் மேல்தளங்கள் கீழே உள்ள அலுவலகத் தளங்களைவிட வெளியே துருத்தி நிற்கும். அங்குள்ள வீடுகளுக்குத் தனித்தனி ஜன்னல்கள். ஜன்னலுக்கு ஜன்னல் நடுவே அலமாரி நிறுத்தும் அளவுக்குச் சுவர். இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ நம்மிடம் வரும் வீட்டில் தரை முதல் கூரை வரை கண்ணாடி. அறைக்கலன் எதை ஒட்டி நிற்பது என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

இந்தக் கேள்வியைப் போன்ட்டி 1954லேயே எதிர்கொண்டார். ‘அறைக்கலன் பூண்ட ஜன்னல்’ என்று அவர் பெயரிட்ட ஏற்பாட்டில், கண்ணாடிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் ஓடும். சட்டங்களில் புத்தகமும் ஜாடியும் படமும் இருக்கும். அவற்றின் இடைவெளியில் வெளிச்சமும் ஊரும் தெரியும். மிலானின் வியா தெஸ்ஸாவில் 1957இல் அமைத்த தன் சொந்த வீட்டிலும் இதையே செய்தார். கண்ணாடிப் பக்கத்தை வெற்றிடமாக விடாமல் அறையின் நான்காவது சுவராக்கிவிட்டார். முப்பதாவது மாடியில் ‘காட்சியை மறைக்கக் கூடாது’ என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி ஓரத்தை மொட்டையாக விடுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்.

சுவர் இல்லையென்றால் பொருளின் முதுகு வெளியே தெரியும். மரியோ பெல்லினியின் காப் நாற்காலியை (1977) எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுச் சட்டத்தின்மேல் தோலை உறையாக மாட்டி, கால்களின் உட்புறத்தில் ஜிப் இழுத்து மூடியிருப்பார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதற்கு முன், பின் பேதம் இல்லை. மராலுங்காவின் (1973) சாய்மானத்துக்குள் சைக்கிள் சங்கிலி ஒன்று ஒளிந்திருக்கிறது. மடித்து வைத்தால் முதுகு தாழ்ந்து ஜன்னல் முழுவதும் தெரியும். தூக்கி நிமிர்த்தினால் தலைக்கு முட்டு. கண்ணாடி வீட்டின் நடுக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோபா அரிது. ஒரு எச்சரிக்கை: இரு கண்ணாடிகளை நடுப்படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வெப்பத்தையும் அப்படித் தடுக்காது. மேற்குப் பார்த்த கண்ணாடியின் அருகே சாயமேற்றிய தோலைப் போடுமுன் திரைச்சீலையை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது கூரை. சாப்பாட்டு மேசையின்மேல் வெளிச்சம் விழ வேண்டும், கூரையில் துளை போடக் கூடாது என்பதுதான் அக்கீலே, பியெர் ஜாக்கொமோ காஸ்தில்யோனி சகோதரர்கள் 1962இல் ஆர்க்கோவை வரையக் காரணம். அடியில் உள்ள ஏறத்தாழ 65 கிலோ கராரா பளிங்கு, இரண்டு மீட்டர் எட்டி நிற்கும் வளைவுக்கு எதிர் எடை. பளிங்கில் உள்ள துளை துடைப்பக் கழியைச் செருகி இருவர் தூக்கிச் செல்வதற்கு. இன்றைய கோபுரங்கள் பலவற்றில் தளம் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். இழுத்துக் கட்டிய கேபிள் எங்கே ஓடுகிறது என்று பாராமல் டிரில் வைத்தால் ஆபத்து. ஆகவே ஆர்க்கோவின் நியாயம் இன்று கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அதன் உயரம் சுமார் 2.4 மீட்டர். குழாய்களை மறைக்க ஃபால்ஸ் சீலிங்கை அந்த அளவுக்கு இறக்கிவிட்டு ஆர்க்கோ கேட்பதில் பொருளில்லை. அதே சகோதரர்களில் அக்கீலே, பியோ மன்சுவின் யோசனையை வளர்த்து 1971இல் முடித்த பரேந்தெசி விளக்குக்குக் கூரையில் கொக்கி வேண்டும். கூரைக்கும் தரைக்கும் நடுவே விறைத்து நிற்கும் கம்பியில்தான் அது ஏறி இறங்கும். கொக்கி போட ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதைப் பரிந்துரைக்காதீர்கள். பிராங்கோ அல்பினியின் தரை–கூரை அழுத்தத்தில் நிற்கும் புத்தக அலமாரிக்குத் துளை வேண்டாம், ஆனால் அழுத்தம் கான்கிரீட்டில் விழ வேண்டும். ஜிப்சம் பலகையில் விழுந்தால் பலகை பிளந்துவிடும்.

மூன்றாவது லிஃப்ட். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 3 செ.மீ. கனத்தில் ஒரே பளிங்குப் பலகை கிட்டத்தட்ட 290 கிலோ. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்பது வழக்கமான வடிவமைப்புச் சுமை. மேசையின் பாரம் பரவி இறங்கும்படி கால்களை அமைத்தால் தளம் தாங்கிவிடும். லிஃப்டின் உள் உயரம் 2.3 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர் என்றால் மூலைவிட்டம் 2.7 மீட்டர்தான், மூன்று மீட்டர்ப் பலகை எப்படிச் சாய்த்தாலும் உள்ளே போகாது. பெல்லினியின் கமலியோண்டா (1970) இங்கே கைகொடுக்கிறது. 90 செ.மீ. சதுர இருக்கைகள் தனித்தனியாக ஏறும். மேலே போனபின் கம்பி, கொக்கி, வளையம் கொண்டு இணைத்துக்கொள்ளலாம். காயெதானோ பெஷேயின் 1969ஆம் ஆண்டு அப் நாற்காலிகள் காற்றை உறிஞ்சித் தட்டையாக்கிய பொட்டலமாக வந்து, பிரித்ததும் தாமே உப்பி எழுந்தன. பழைய கதையை நம்பி லிஃப்டைக் கணக்கிடாதீர்கள். இன்றைய மறுபதிப்பு முழு உருவத்தோடுதான் வருகிறது.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடிவமைப்புப் பதிவின் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் பதிப்புரிமைப் பாதுகாப்பை மறுத்துவிட முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. வழக்கின் பொருள் ஆர்க்கோவின் நகல்தான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். தொழிலின் கணக்கு மாறாது: அடிக்கல்லின் எடையைக் குறைத்த நகல் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் கவிழக்கூடிய பொருள். உரிமம் பெற்ற தயாரிப்பை வாங்கும்போதும் உறை கழற்றி மாற்றத் தக்கதா, உள்நுரை தனியாகக் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் நம் ஊரில் உண்டா என்று ஆர்டருக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். இருபது ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்ற சோபாவுக்கு ஐந்தாம் ஆண்டில் உறை கிடைக்காவிட்டால் பழி நம் தலையில்தான் விழும்.

ஒரு கூடத்துக்கு இத்தகைய பொருட்கள் இரண்டு போதும். ஒன்று கண்ணாடியின் சிக்கலைத் தீர்க்கட்டும், இன்னொன்று கூரையின் சிக்கலை. மீதியை உள்ளூர்த் தச்சர் அந்த வீட்டின் அளவுக்கே செய்து கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அவர் செய்ததே நன்றாகப் பொருந்தும்.

இனி இவ்விதழுக்கு உயர்மாடி வீட்டுத் திட்டங்களை அனுப்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகான படங்களோடு லிஃப்ட் கதவின் அளவு, ஃபால்ஸ் சீலிங்கின் உயரம், மாலை நான்கு மணிக்குத் திரை விலக்கி எடுத்த ஒரு புகைப்படம் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவை இல்லாத திட்டங்களை நாங்கள் இனிப் பரிசீலிக்கப்போவதில்லை.