குழாயில் பால் குடிக்கும் குழந்தையை யாரிடம் விடுவது?

மூக்கு வழியாகச் செலுத்திய குழாயில் பால். மணி தவறாமல் வலிப்பு மருந்து. வயது இரண்டு. வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், தாய் வேலைக்குப் போவது எப்படி?

வேப்பம்பட்டில் குடியிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்குப் போகிறவர், பேசின்பிரிட்ஜில் ரெயில் மாறவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம். 2017-ல் வந்த திருத்தம் இது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆலை அருகே விடுவதென்றால், நெரிசலில் குழந்தையை 2 ரெயில் ஏற்றவேண்டும். வீட்டருகே விட்டால், அந்த 4 தடவை ஏட்டுச் சுரைக்காய்!

எங்கே விட்டாலும் ஆயாவின் கைதான் முக்கியம். சுவரில் தீட்டிய மயிலும் முயலும் அல்ல.

பால் விடுமுன், குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியுமா? இடம் பெயர்ந்த குழாயில் ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து! ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் தலையை உயர்த்தி வைப்பார்களா? குழாய் கழன்றுவிட்டால், தாமே சொருகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களா?

"எல்லாம் தெரியும் அம்மா" என்பதை நம்பிவிடக் கூடாது. தாய் சில நாள் கூடவே இருந்து, தம் கண்ணெதிரே ஊட்டச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

கைவிரிக்கும் காப்பகத்தையும் ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. பயிற்சி பெற்ற நர்சு வைக்கப் பணம் வேண்டும். அதை யார் கொடுப்பது? காப்பகம் பற்றிய சட்டப் பிரிவில் நர்சு என்ற சொல்லே இல்லை.