முன்னுரிமை என்றொரு சாக்கு

"நாட்டுல இவ்ளோ பிரச்சினை இருக்கும்போது இது தேவையா?" ஒரு வேலையைத் தொடங்கும் முன்பே நிறுத்திவிட இதைவிட எளிய கேள்வி கிடையாது. எனக்கு இது இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் வேலை, ஞாயிறு காலை தெருநாய் மீட்புக் குழு, மாதத்தில் இரண்டு மாலை பால்புதுமையினர் வட்டத்தில் புகையை விட நினைக்கும் நண்பர்கள். இதுதான் என் கால அட்டவணை. "உங்க ஆளுங்க தம் அடிச்சா அது அவங்க இஷ்டம், இங்க வண்டி ஓட்ட ஆள் இல்ல" என்கிறார்கள் நாய்க்காரர்கள். "வீட்டை விட்டுத் துரத்துறாங்க, வாடகைக்கு வீடு குடுக்க மாட்டேங்குறாங்க, உனக்கு சிகரெட்டும் நாயும்தான் கிடைச்சுதா?" என்கிறார்கள் தோழர்கள். ரெண்டுல ஒண்ணை விடு என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை.

தோழர்களிடம் முதலில் பேசுகிறேன். இந்த வாதத்தால் அதிகம் அடிவாங்கியவர்கள் நாம். சட்டப்பிரிவு 377 செல்லும் என்று 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, நாம் மக்கள்தொகையில் மிகமிகச் சிறிய பகுதி என்பதும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணமாக இருந்தது. எண்ணிக்கை குறைவு, ஆகவே அவசரமில்லை. 2018 செப்டம்பர் 6 வரை நாம் காத்திருந்தது அந்தக் கணக்கினாலும்தான். அதே தராசை எடுத்து இன்னொன்றை நாம் நிறுக்கலாமா?

அப்படியே நிறுத்துப் பார்த்தாலும் புகையிலை சின்ன விஷயமில்லை. எச்ஐவி சிகிச்சை ஒழுங்காகக் கிடைக்கும் டென்மார்க்கில் 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. எச்ஐவியோடு வாழ்பவர்களில் புகைப்பவர் ஒருவர் அந்தக் கிருமியால் இழப்பது சுமார் 5 ஆண்டு ஆயுள், புகையால் இழப்பது 12 ஆண்டுக்கும் மேல் என்றது அது. மாத்திரையைத் தேதி தவறாமல் விழுங்க வைக்க எத்தனை பேர் உழைத்திருக்கிறோம்! அந்த உழைப்பில் மீட்ட ஆண்டுகளைப் பெட்டிக்கடையில் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கைத் தோழிகளுக்குப் புகை சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். இதை அவர்களிடம் சொல்ல மருத்துவமனையில் ஆள் இல்லை என்றால் நாம்தான் சொல்ல வேண்டும்.

நம்மை முக்கியமாக நினைத்தவர்கள் சிகரெட் கம்பெனிக்காரர்கள். 1990-களின் நடுவில் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விற்பனைத் திட்டம் போட்டது. குறி, காஸ்ட்ரோ பகுதியின் தன்பாலீர்ப்பாளர்களும் டெண்டர்லாய்ன் பகுதியின் வீடற்றவர்களும். திட்டத்தின் பெயர் 'ஸ்கம்'. துணைப்பண்பாட்டு நகர்ப்புறச் சந்தை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் கழிசடை என்று அர்த்தம். இது கதையல்ல, வழக்குகளின்போது வெளியே வந்த அவர்களுடைய சொந்த ஆவணம். நம்மை மதிக்காமலே நமக்கு விற்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே அப்படி விளம்பரம் தேவைப்படவில்லை. வீட்டில் பேச முடியாத பையனுக்கு டீக்கடை ஓரத்தில் நிற்க ஒரு காரணம் வேண்டும். "ஒரு தம் இருக்கா?" என்பதுதான் பல நட்புகளின் முதல் வரி. அதனால் "விட்டுடு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிகரெட்டை எடுத்தால் அந்த நட்பு எங்கே நிற்கும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் மாலைக் கூடுகை அதற்காகத்தான்.

இனி நாய்க்காரர்களுக்கு. தெருவில் ஒரு நாய் கடித்தால் ஊர் அந்த நாயைத் திட்டும். நாம் என்ன சொல்கிறோம்? ஒரு நாயைத் தூக்கிப்போய்ப் பயனில்லை, 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் அடங்கும் என்கிறோம். அதே நாம் புகைப்பவரைப் பார்த்து மட்டும் "மனஉறுதி இல்லை" என்கிறோம். நாய்க்குப் பொருந்தும் நியாயம் மனிதருக்குப் பொருந்தாதா? புகையிலை உங்கள் வேலைக்கு வெளியே இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 1975-இல் பிரிட்டனில் ஒரு பத்திரிகை ஒரு படம் வெளியிட்டது: வரிசையாகக் கட்டிவைத்து, முகமூடி மாட்டி, சிகரெட் புகையை இழுக்கவைக்கப்பட்ட பீகிள் நாய்கள். 'பாதுகாப்பான' சிகரெட்டுக்கான சோதனை அது. 2002-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, புகைப்பவர் இருக்கும் வீட்டுப் பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்றது. பூனை தன் ரோமத்தை நக்கும்போது அதில் படிந்த புகைக்கசடும் உள்ளே போகிறது. மீட்ட குட்டிகளை நாம் தற்காலிகமாகக் கொடுத்துவைப்பது பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகளில். தனக்காகப் புகையை விடாத இரண்டு பேர் பூனைக்காக மொட்டைமாடிக்குப் போகத் தொடங்கியதை நானே பார்த்தேன். அதில் ஒருவர் இப்போது எங்கள் கூடுகைக்கு வருகிறார்.

நேரம் என்னவோ 24 மணிதான், மறுக்கவில்லை. கூடுகை நடக்கும்போது அடிபட்ட நாயைப் பற்றி அழைப்பு வரும். அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் யார் எழுந்திருப்பது என்று முறை வைத்திருப்பதுபோல இங்கேயும் வைத்திருக்கிறோம். என் முறை இல்லாத நாளில் நான் எழுந்திருக்க மாட்டேன், வேறொருவர் போவார். சமன் செய்வது என்றால் எனக்கு இவ்வளவுதான். நேரத்துக்கு முறை வைக்கலாம். யாருடைய வலி முதலில் என்று வரிசை கட்டினால், கடைசியில் நிற்பவருக்குக் கடைசிவரை முறை வராது.

எனவே நான் எதையும் விடப்போவதில்லை. வீட்டுரிமைக்கு ஓடும் தோழரை அதை விடச் சொல்லவும் மாட்டேன். இரண்டு கோரிக்கைகள்தான். நம் உதவி எண் பட்டியலில், சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் அந்த இலவச ஆலோசனை எண்ணையும் சேருங்கள். குட்டியை எடுத்துப் போகிறவரிடம், வீட்டில் யாராவது புகைப்பார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள், குட்டியை மறுப்பதற்காக அல்ல, பேச்சைத் தொடங்க. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.